காலி நாற்காலிக்கு ஒரு குஷன்

பலகையில் நாலாவது நட்சத்திரமும் புதுசுக்கே போயிருந்தது.

மடிப்பு சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மாட்டிக்கொண்டு, மறுபடி பார்த்தார். துடைத்ததில் நட்சத்திரம் இன்னும் பளிச்சென்று தெரிந்ததுதான் மிச்சம். மஞ்சள் சாக்பீஸில், ஐந்து முனையும் கூராக, மேனேஜரம்மா கைப்பட வரைந்தது. அவர் பெயருக்கு நேரே பலகையின் கறுப்பு மட்டும் இருந்தது. அடிவயிற்றிலிருந்து குபுகுபுவென்று பற்றிக்கொண்டு வந்தது அவருக்கு.

அது ஒரு பெரிய சலவை நிலையம். ஓட்டல்கள், ஆஸ்பத்திரிகளின் படுக்கை விரிப்பு, தலையணை உறை, துண்டு எல்லாம் மூட்டை மூட்டையாக வந்து இறங்கும். ஒரு கூடத்தில் துவைத்து, அடுத்த கூடத்தில் தேய்த்து மடித்து, மறுநாள் வேனில் ஏற்றுவார்கள். மடிப்புக் கூடத்துக்குப் பதினொரு வருஷமாக நம் ஆள்தான் பொறுப்பு. விரிப்பை மடித்தால் நாலு மூலையும் ஒன்றின் மேல் ஒன்று உட்கார வேண்டும். ஒரு நூல் பிசகினாலும் பிரித்து மறுபடி மடிக்கச் சொல்வார். அவர் போட்டிருக்கும் சட்டையின் மடிப்புகூடக் காலையில் பார்த்தது மாலையிலும் அப்படியே இருக்கும். அதனால் எல்லாருக்கும் அவர் மடிப்பு சார்.

புதுசு என்பவன் வாசலில் மூட்டைகளை எண்ணி இறக்குபவன். முப்பது வயசு. வந்து ஆறு மாதமாகியும் பழசாகாமல் அதே பெயரோடு, பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு திரிந்தான்.

எல்லாம் அந்த நாற்காலியால் வந்த வினை. இரண்டு மாதத்துக்கு முன்பு பழைய சூப்பர்வைசர் ஓய்வு பெற்றுப் போனார். கண்ணாடி அறைக்குள் அவருடைய சுழல் நாற்காலி காலியாகக் கிடந்தது. அது தானாக உருண்டு மடிப்பு சாரிடம் வந்துவிடும் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். மடிப்பு சார் நினைத்ததோடு நிற்கவில்லை. இடுப்புக்கு இதமாக ஒரு குஷன் வாங்கி, தன் இரும்பு அலமாரிக்குள் மறைத்து வைத்திருந்தார். சிவப்பு வெல்வெட், நாலு மூலையிலும் குஞ்சம். தினமும் காலையில் யாரும் வருவதற்கு முன் போய் நாற்காலியைத் தூசி தட்டி, ஒரு சுற்று சுற்றிப் பார்த்துவிட்டும் வருவார்.

மேனேஜரம்மா எங்கேயோ ஒரு பயிற்சிக்குப் போய்விட்டு வந்தார். வந்தவர் சுவரில் கரும்பலகையை மாட்டினார்.

“இடது பக்கம் பிரச்சினைய எழுதுங்க, வலது பக்கம் தீர்வ எழுதுங்க. வெறும் பிரச்சினைய மட்டும் தூக்கிட்டு என் ரூமுக்கு யாரும் வராதீங்க. தீர்வு வேலை செஞ்சா ஒரு நட்சத்திரம். மாசக் கடைசில யாருக்கு அதிகமோ, அவங்கதான் சூப்பர்வைசர்.”

அன்றிலிருந்து புதுசு அள்ளிக்கொண்டே போனான். கிழிந்த விரிப்புகள் ஓட்டலுக்குப் போய்த் திரும்பி வருகின்றனவா? மடிக்கும் மேசைக்குப் பின்னால் ஒரு டியூப்லைட் போட்டால் ஓட்டை தெரிந்துவிடும் என்று எழுதினான். ஒரு நட்சத்திரம். வேன்காரர்கள் மூட்டையைத் தேடி நேரத்தை வீணாக்குகிறார்களா? கடைசியில் இறக்க வேண்டியதை முதலில் ஏற்று. இன்னொன்று. ஆஸ்பத்திரி அங்கிகளின் நாடாக்கள் மிஷினில் சிக்கிக்கொள்கின்றனவா? வலைப்பையில் கட்டிப் போடு. மூன்று. இன்றைக்கு நாலாவது, ஓட்டலுக்கு ஓட்டல் தலையணை உறை மாறிப் போகாமல் இருக்க மூலையில் ஒரு கலர் நூல் தையல்.

“கலர் நூலாம்! இதெல்லாம் ஒரு யோசனையா?” என்றார் மடிப்பு சார், பக்கத்தில் யாரும் இல்லாதபோதும்.

“நல்ல யோசனைதானே சார்?” பின்னால் வாட்ச்மேன் நின்றிருந்தார், கையில் சாப்பாட்டுப் பையோடு. “இன்னிக்கும் மறந்துட்டீங்க. வீட்டம்மா கொண்டாந்து குடுத்துட்டுப் போனாங்க.”

எல்லாருக்கும் முன்னால் வந்து பலகையைப் பார்க்க வேண்டும் என்ற வேகத்தில், இந்த ஒரு மாதமாகச் சாப்பாட்டை வீட்டிலேயே வைத்துவிட்டு ஓடிவருவது அவருக்கு வழக்கமாகிவிட்டது. பதினொரு மணி வாக்கில் மனைவி அதைக் கொண்டுவந்து வாசலில் கொடுத்துவிட்டுப் போவாள்.

“வச்சிட்டுப் போய்யா” என்றார், பலகையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

சாயங்காலம் வீட்டில் சட்டையைக் கழற்றி ஹேங்கரில் மாட்டும்போதே ஆரம்பித்துவிட்டார்.

“நேத்து வந்த பயலுக்கு நாலு நட்சத்திரம். பதினொரு வருஷமா முதுகு ஒடிய மடிக்கிறேன், எனக்கு ஒண்ணு கிடையாது. இந்த நடைபாதைல வேற நாள் பூரா தள்ளுவண்டி முட்டிக்குது. துவைச்சது இந்தப் பக்கம் வருது, காலி வண்டி அந்தப் பக்கம் போகுது, வளைவுல வந்து டமார்னு ஒரு சத்தம். நேத்து ஒருத்தன் கால் பெருவிரல் வீங்கிப் போச்சு. இதை மட்டும் நான் தீர்த்துட்டேன்னு வையி…”

“எங்க விடுதில இதே மாதிரிதாங்க, சமையலறைக்கும் சாப்பாட்டுக் கூடத்துக்கும் நடுவுல…”

“ஆரம்பிச்சிட்டியா உன் விடுதிக் கதைய!”

கல்யாணத்துக்கு முன்னால் அவள் ஒரு மாணவியர் விடுதியில் இருநூறு பெண்களின் சாப்பாடு, துணிமணி எல்லாவற்றையும் கட்டி மேய்த்தவள். அந்தக் கதை எதையும் அவர் இதுவரை முழுசாகக் கேட்டதில்லை. இப்போதும் அவள் என்னவோ சொன்னாள். அவர் டிவியின் சத்தத்தைக் கூட்டினார்.

“சரி விடுங்க, கேக்குறவங்க கேக்குறாங்க” என்று எழுந்தவள், சமையலறை வாசலில் நின்று, “அந்தப் புதுசு பாவம்ங்க. அவங்கம்மாவுக்கு முழங்கால் வலியாம், மாடிப்படி ஏற முடியலயாம்” என்றாள்.

டிவியின் சத்தம் சட்டென்று குறைந்தது.

“அவங்கம்மா முழங்கால் உனக்கெப்படித் தெரியும்?”

“வாசல்ல பேசிக்கிட்டிருந்தோம். நல்ல பிள்ளை. ஒண்ணு சொன்னா நின்னு, பொறுமையாக் காது குடுத்துக் கேக்குது.”

பலகையைப் பார்த்து எரிந்த வயிறு இப்போது வீட்டிலும் எரிந்தது. என் நாற்காலியிலும் கண், என் வீட்டிலும் நல்ல பெயரா? நாளைக்கு எது மறந்தாலும் சாப்பாட்டை மட்டும் மறக்கக் கூடாது என்று சத்தியமே செய்துகொண்டார். மறுநாள் குடையைக்கூட மறக்காமல் எடுத்தார், சாப்பாட்டை மறந்தார்.

போன கையோடு பலகையில் எழுதினார். பிரச்சினை: நடைபாதையில் வண்டிகள் மோதல். தீர்வு: ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு மணி. வளைவில் திரும்பும் முன் மணியடிக்க வேண்டும், மணி கேட்டால் எதிரில் வருபவர் நிற்க வேண்டும்.

பன்னிரண்டு வண்டிக்கும் மணி கட்டியாயிற்று. மோதல் அன்றே நின்றுபோனது. கூடவே வண்டிகளும் நின்றுபோயின. இந்தப் பக்கத்தவர் அடித்ததைக் கேட்டு அந்தப் பக்கத்தவர் நின்றார். அந்தப் பக்கத்தவர் அடித்ததைக் கேட்டு இந்தப் பக்கத்தவர் நின்றார். இரண்டு பக்கமும் ஆறாறு வண்டி, டிங் டிங்கென்று அடித்தபடி அசையாமல் நின்றன.

“நீங்க போங்க.”

“பரவால்ல, நீங்க போங்க.”

“யாராவது ஒருத்தர் போங்கய்யா!” என்று கத்தினார் மடிப்பு சார். பன்னிரண்டு பேரும் ஒரே நேரத்தில் கிளம்பினார்கள். ஏற்கெனவே வீங்கிய அதே பெருவிரல் மறுபடி மாட்டியது.

“அண்ணே, நான் ஒண்ணு சொல்லலாமா?” புதுசு பல்லெல்லாம் தெரிய வந்து நின்றான்.

“யாருக்கு யாருடா அண்ணன்? போய் உன் மூட்டைய எண்ணு.”

மதியச் சாப்பாட்டுக்குள் அடுத்த தீர்வு பிறந்துவிட்டது. ஒரே ஒரு சிவப்புத் துண்டு. அது யார் தோளில் இருக்கிறதோ அவர் மட்டும்தான் நடைபாதையில் நுழையலாம். அந்தக் கோடிக்குப் போனதும் காத்திருப்பவர் தோளில் போட்டுவிட வேண்டும். தோளுக்குத் தோள் மாறும் துண்டு, ஆளுக்கு ஆள் முட்டாத வண்டி. எழுதி முடித்துச் சாக்பீஸ் தூசியை ஊதிவிட்டு, மேனேஜரம்மா அறைப் பக்கம் ஒரு பார்வை பார்த்தார்.

ஒன்றரை மணி நேரம் அருமையாக நடந்தது. மேனேஜரம்மாவே வந்து பார்த்து, “பரவாயில்லயே மடிப்பு சார்” என்றார். அந்த ஒரு வார்த்தைக்காக அவர் ஒரு மாதம் காத்திருந்தார். புதுசு எங்கே நிற்கிறான், அவன் காதில் விழுந்ததா என்று தேடிப் பார்த்தார்.

பிறகு ஒருத்தர் துவைக்கும் கூடத்துக்குக் காலி வண்டியைத் தள்ளிக்கொண்டு போனார். அங்கே அப்போது காத்திருப்பவர் யாரும் இல்லை. துண்டைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனார். சலவை நிலையத்தில் ஒரு துண்டு தனியாகக் கிடந்தால் அங்கே வேலை செய்பவர்கள் என்ன செய்வார்களோ, அதைச் செய்தார்கள். கண்ணில் பட்ட துண்டை எடுத்து மிஷினுக்குள் போட்டார்கள்.

உள்ளே ஆஸ்பத்திரியின் வெள்ளை விரிப்புகள் இருநூறு இருந்தன.

கதவைத் திறந்தபோது இருநூறும் இளஞ்சிவப்பாக வெளியே வந்தன.

“யாரும் மூச்சு விடக்கூடாது!” மடிப்பு சாருக்கு வேர்த்துக் கொட்டியது. வாழ்க்கையில் முதல்முறையாக அவர் சட்டை மடிப்பு கலைந்தது. “மேடத்துக்குத் தெரியறதுக்குள்ள வெள்ளையாக்கிரலாம். எல்லா மிஷினையும் காலி பண்ணு. மத்ததெல்லாம் அப்புறம். ப்ளீச்சக் கொட்டு!”

மற்றதெல்லாம் அப்புறம் என்றதும், அரைகுறையாய் நனைந்த மற்றதெல்லாம் வெளியே வந்து வண்டிகளில் ஏறியது. ஏறிய வண்டிகள் நிற்க இடமில்லாமல் நடைபாதைக்குள் நுழைந்தன. யார் போக வேண்டும் என்று சொல்லச் சிவப்புத் துண்டும் இல்லை, அது ப்ளீச்சில் கிடந்தது. மணிகளை அவிழ்க்க மறந்திருந்தார்கள். மாலை நாலு மணிக்கு நடைபாதையில் ஓர் எறும்பு போக வழியில்லை. மணிச் சத்தம் மட்டும் கட்டடம் பூராவும் கேட்டது. வெளியே ஐந்து வேன் ஹாரனை அழுத்திக்கொண்டு நின்றன.

மேனேஜரம்மா வந்தார். நின்ற வண்டிகளை ஒவ்வொன்றாக எண்ணினார். அவர் திட்டியிருந்தால்கூட மடிப்பு சாருக்கு இத்தனை கலக்கம் இருந்திருக்காது.

“மேடம்” என்று புதுசு முன்னால் வந்தான். “ரெண்டு கூடத்துக்கும் நடுவுல இன்னொரு கதவு இருக்காமே? போறதுக்கு ஒரு கதவு, வர்றதுக்கு ஒரு கதவுன்னு வச்சா முட்டிக்காதுல்ல?”

“இன்னொரு கதவா? எங்க?”

“மடிப்புக் கூடத்துல, அண்ணனோட அலமாரிக்குப் பின்னால.”

மடிப்பு சாருக்குத் தூக்கிவாரிப் போட்டது. உண்மைதான். காற்று வந்து விரிப்பின் மூலை பறக்கிறது என்று எட்டு வருஷத்துக்கு முன்னால் அவர்தான் அந்தக் கதவை அலமாரியால் அடைத்தார். அன்றைக்கு வீட்டில் போய்ப் பெருமையாகச் சொல்லிவிட்டு அவரே மறந்தும் போயிருந்தார். ஆறு மாதத்துக்கு முன்னால் வந்தவனுக்கு அது எப்படித் தெரியும்?

“அலமாரில முக்கியமான சாமானெல்லாம் இருக்கு மேடம், திடீர்னு நகத்த முடியாது…”

நாலு பேர் சேர்ந்து நகர்த்தினார்கள். நகர்த்திய வேகத்தில் அலமாரி ஆடி, கதவு திறந்து, முக்கியமான சாமானெல்லாம் கீழே விழுந்தது. ஒரு குடை, பழைய செய்தித்தாள்கள், அப்புறம், சிவப்பு வெல்வெட்டில் நாலு குஞ்சத்தோடு ஒரு குஷன்.

“இது எதுக்கு சார்?” என்று கேட்டார் வாட்ச்மேன், நிஜமாகவே தெரியாமல்.

காலி நாற்காலியை ஒரு முறையும் குஷனை ஒரு முறையும் பார்த்த எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. எங்கோ ஒருத்தர் சிரிப்பை அடக்க முடியாமல் மணியடித்தார்.

இருபது நிமிஷத்தில் நடைபாதை காலி. வேன்கள் கிளம்பிப் போயின. மேனேஜரம்மா நேராகப் பலகைக்குப் போய் ஐந்தாவது நட்சத்திரத்தை வரைந்தார்.

மடிப்பு சாருக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. பதினொரு வருஷம், ஒரு குஷன், எல்லாம் போயிற்று. குஷனைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு எல்லார் முன்னாலும் போய் நின்றார்.

“மேடம், எனக்கு ஒரு நியாயம் வேணும். இவன் வாசல்ல மூட்டை எண்றவன். மடிப்புக் கூடத்துக்குள்ள ஒரு தடவைகூட வந்ததில்ல. கதவு இருக்குறது இவனுக்கு எப்படித் தெரிஞ்சது? இந்த அஞ்சு யோசனையும் இவன் மண்டைல உதிச்சதுன்னு நான் நம்ப மாட்டேன். டேய், என் முகத்தப் பாத்துச் சொல்லு. உன் சொந்த மூளையா இது?”

புதுசின் சிரிப்பு முதல்முறையாக மறைந்தது.

“இல்லைங்க” என்றான்.

கூடமே திரும்பிப் பார்த்தது.

“நான் ஒண்ணும் யோசிக்கல மேடம். ஒருத்தங்க சொல்றதத்தான் எழுதினேன். அவங்கதான் பேரச் சொல்ல வேணாம்னாங்க. அஞ்சு நட்சத்திரமும் அவங்களுக்குத்தான் சேரணும். யார்னு உங்ககிட்ட மட்டும் தனியாச் சொல்லிடறேன்.”

“கேட்டீங்களா!” மடிப்பு சாருக்கு நெஞ்சில் பால் வார்த்தது போலிருந்தது. மேசையில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார். “அப்பவே சொன்னேன்ல! இரவல் மூளை! மேடம், யோசனை யாருதோ அவங்களுக்குத்தான் நாற்காலி. சொல்லி வச்சத எழுதுனவனுக்கு இல்ல. இதுதான் நியாயம்!”

“நீங்க சொல்றது சரிதான் மடிப்பு சார்” என்றார் மேனேஜரம்மா. புதுசைக் கூட்டிக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினார். கால் மணி நேரம் கழித்து வெளியே வந்தவர் மடிப்பு சாரை ஒரு மாதிரி பார்த்துச் சிரித்தார். “நாளையோட மாசம் முடியுது. காலைல பதினொரு மணிக்கு நாற்காலி விஷயமும் முடிஞ்சிரும்.”

அந்தச் சிரிப்புக்கு மடிப்பு சார் வேறு எந்த அர்த்தமும் தேடவில்லை. புதுசு ஒழிந்தான். சொல்லிக்கொடுத்தவன் எவனோ வெளியாள். வெளியாளைக் கூட்டிவந்தா நாற்காலியில் உட்கார வைப்பார்கள்? மிச்சம் இருப்பது யார்?

வீட்டுக்குப் போனபோது மனைவி பால்கனியில் போனில் பேசிக்கொண்டிருந்தாள். “சரிங்க… கண்டிப்பா வர்றேங்க… இல்லைங்க, அவருக்கு நான் சொல்லல” என்றவள் அவரைப் பார்த்ததும் போனை வைத்தாள்.

“யாரு போன்ல?” முழங்கால் வலிக்காரியின் மகன் ஒரு கணம் அவர் கண்முன் வந்து போனான்.

“நாளைக்கு உங்களுக்கே தெரியும். இப்ப கேக்காதீங்க.” அவள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம்.

ஓகோ என்று அவருக்குப் புரிந்துவிட்டது. விஷயம் அவள் காதுவரை போயிருக்கிறது. புருஷனுக்குச் சூப்பர்வைசர் பதவி கிடைத்ததைக் கொண்டாட ரகசியமாக ஏதோ ஏற்பாடு செய்கிறாள். சந்தேகப்பட்டோமே என்று வெட்கமாகக்கூட இருந்தது. அன்று அவள் விடுதிக் கதையை ஆரம்பித்தபோது பெருந்தன்மையாக இரண்டு நிமிஷம் கேட்டார்.

மறுநாள் தன் சட்டையைத் தானே இரண்டு தரம் தேய்த்துப் போட்டுக்கொண்டார். அவள் பீரோவின் முன்னால் நின்று எந்த உடுப்பு என்று தேடிக்கொண்டிருந்ததைக் கவனிக்க நேரமில்லை. வழக்கம்போலச் சாப்பாட்டை மறந்தார். போனதும் நாற்காலியைத் தூசி தட்டினார், ஒரு சுற்று சுற்றினார், மடிப்புக் கூடத்தில் வந்து குஷனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். புதுசு அந்தப் பக்கம் போனபோது, “மனசுல வச்சுக்காத தம்பி” என்றுகூடச் சொன்னார்.

“நீங்களும் வச்சுக்காதீங்க அண்ணே” என்றான் புதுசு.

பதினொன்று அடித்துப் பத்து நிமிஷம் ஆயிற்று. வாட்ச்மேன் கையை வீசிக்கொண்டு வந்தார்.

“சார், மேனேஜரம்மா அந்தக் குஷனைக் கேட்டாங்க.”

மடிப்பு சார் துள்ளி எழுந்தார். சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். “நானே கொண்டு வர்றேன்.”

“நீங்க வர வேணாம் சார். குஷன் மட்டும் போதும்னாங்க.”

“நான் இல்லாம குஷன் மட்டும் எதுக்குய்யா?” என்று கேட்டவருக்கு, வாட்ச்மேனின் கை வெறும் கையாக இருப்பது அப்போதுதான் கண்ணில் பட்டது. “ஆமா, என் சாப்பாடு எங்க?”

வாட்ச்மேன் அவர் கையிலிருந்த குஷனை மெதுவாக உருவிக்கொண்டார்.

“இன்னிக்குக் கேன்டீன்ல பாத்துக்கங்க சார், தினம் சாப்பாடு கொண்டு வர்றவங்க உள்ள சூப்பர்வைசர் நாற்காலில உக்காந்தாச்சு.”